ஒரு இன்ச் வெட்டுவதற்கு முன்

கேள்வி: எனக்கு 31 வயது, உயரம் 5 அடி 2 இன்ச். எட்டு மாதமாக ஆவடிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ரேஞ்சில் ட்ராப், அதாவது பறக்கும் தட்டைச் சுடுகிற விளையாட்டு, பழகுகிறேன். குழல்கள் மேலும் கீழுமாக உள்ள, கிளப்பின் 12 போர் ‘ஓவர் அண்ட் அண்டர்’ துப்பாக்கிதான். ஒவ்வொரு ஞாயிறும் கன்னமும் மேல்கையும் கன்றிப்போய்த்தான் வீடு திரும்புகிறேன். 25 தட்டுக்கு 10-ஐத் தாண்டவில்லை. ‘தலையைத் தூக்காதே’ என்பதையே கோச் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கட்டையில் (தோளில் பதியும் பின்பகுதியில்) ஒரு இன்ச் வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். ஊரில் இருக்கும் தாத்தா துப்பாக்கி எடை குறைவு, அதை எடுத்துக்கொள் என்கிறார் மாமா. ‘லேடீஸ் துப்பாக்கி’ என்று தனியாக வருகிறதாமே, அதை வாங்கலாமா? அடுத்த மாதம் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகி, கொளத்தூர்

பதில்: வெட்ட வேண்டாம். இப்போதைக்கு எதையும் வாங்கவும் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது முழுக்கத் தப்பில்லை. ஆனால் அவர் கட்டையின் நீளத்தைப் பார்க்கிறார், உங்கள் கன்னம் கன்றுவதோ அதன் உயரத்தால்.

நானும் இதே வழியாக வந்தவள்தான். சுட ஆரம்பித்த முதல் வருடம், ஒரு சனிக்கிழமை நாலு ரவுண்டு, அதாவது நூறு தட்டு முடித்துவிட்டு, மறுநாள் மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வலது கன்ன எலும்புக்கு மேல் அஞ்சு ரூபாய் நாணயம் அகலத்துக்கு நீலம். பவுடர் போட்டும் மறையவில்லை. பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் என் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பாவம், அந்த மனுஷர் பந்தியில் தலை நிமிராமலே சாப்பிட்டார்.

அடுத்த வாரமே என் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒன்றரை இன்ச் வெட்டி வாங்கினேன். கன்னத்தில் விழுந்த அடி குறையவே இல்லை. கூடுதலாக, ஒவ்வொரு வெடிக்கும் என் கட்டைவிரலே என் மூக்கில் இடிக்க ஆரம்பித்தது. இரண்டு வருடம் கழித்து, ரேஞ்சில் ஒரு மூத்த வீரர் நான் துப்பாக்கியைத் தோளில் வைத்து நிற்கும்போது என் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “இங்க நல்ல காத்தோட்டமா இருக்கேம்மா” என்றார். ரப்பர் செருப்பின் அடிப்பாகம் மாதிரியான ஃபோமை 8 மில்லிமீட்டர் கனத்துக்கு வெட்டி ஒட்டினார். அவ்வளவுதான். வெட்டிய மரத்துண்டை நான் எப்போதோ தூக்கிப் போட்டிருந்தேன். இழந்த நீளத்தைத் திரும்பக் கொண்டுவர ரப்பர் ஸ்பேசர், அதாவது இடைத்துண்டு, அடுக்க வேண்டியதாயிற்று.

ரைஃபிளில் குறி பார்க்கப் பின்னால் ஒரு சைட், முன்னால் ஒரு சைட் இருக்கும். குறி விலகினால் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். நாம் சுடுகிற ஷாட்கன்னில் குழல் முனையில் பாசிமணி மாதிரி ஒரு மணி மட்டும்தான், பின் சைட் என்பது உங்கள் கண். பறந்து போவது 110 மில்லிமீட்டர் அகலத் தட்டு. மணியைப் பார்த்துக் குறி வைக்க நேரமே கிடையாது. தட்டைப் பார்க்கிறீர்கள், துப்பாக்கி தானாக அங்கே பார்க்க வேண்டும். அதனால் கண் எங்கே உட்காருகிறதோ அங்கேதான் குண்டு போகும். கண்ணை உட்கார வைப்பது கன்னம், கன்னத்தைத் தாங்குவது கட்டையின் மேல்முதுகு. ரேஞ்சில் அதைத்தான் ‘கோம்ப்’ என்கிறோம். அது நாலு மில்லிமீட்டர் தாழ்ந்தால், பின் சைட் நாலு மில்லிமீட்டர் தாழ்ந்த கணக்கு.

கடையில் வரும் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஐந்தே முக்கால் அடி உயர ஆண் ஒருவரை மனதில் வைத்துச் செய்தவை. ட்ரிகரிலிருந்து கட்டையின் அடிப்பகுதி வரை பதினாலரை இன்ச் சொச்சம். நமக்குக் கை குட்டை, அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, அதனால் எல்லாரும் நீளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். உயரம் குறைந்த பெண்களுக்கும் கழுத்து நீளமாக இருக்கலாம், கன்ன எலும்பு மேலே இருக்கலாம், தோள் சரிந்து இருக்கலாம். தோளுக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியை யாரும் அளப்பதில்லை. செய்கிறவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆண்களோடு சேர்ந்து ஸ்கீட் (இதுவும் பறக்கும் தட்டைச் சுடுவதுதான்) சுட்டு சீனாவின் ஜாங் ஷான் தங்கம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட்டில் பெண்களுக்கு இடமே இல்லை. ஸ்கீட்டும் ட்ராப்பும் பெண்களுக்கென்று வந்தது 2000-இல், சிட்னியில். போட்டியே இப்படி வந்தால், நமக்கேற்ற துப்பாக்கிக் கட்டை மெதுவாகத்தான் வரும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கன்னம், மேல்கை என்று இரண்டு இடத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே தப்பினால் வருவதல்ல.

கன்னத்தில் அடி விழுவதற்குக் காரணம் கோம்ப் தாழ்ந்திருப்பது. கட்டையைக் கன்னத்தில் அழுத்தினால் உங்கள் கண்ணுக்கு முன்மணி தெரியாது, ட்ரிகருக்கு மேலே உள்ள இரும்புதான் தெரியும். அதனால் தெரியாமலே முகத்தைக் கொஞ்சம் தூக்குகிறீர்கள். இப்போது முகம் காற்றில் நிற்கிறது. வெடித்ததும் கட்டை எகிறி வந்து கன்னத்தில் அறைகிறது. கோச் கண்ணுக்குத் தெரிவது ‘தலையைத் தூக்குகிறாள்’ என்பது மட்டும். அவர் பார்த்தது சரிதான். ஆனால் தலையைத் தூக்காவிட்டால் உங்களுக்கு எதுவுமே தெரியாதே! கோம்பை உயர்த்தினால் தலை தானாகவே இறங்கிவிடும், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல கட்டைகளில் கோம்ப் முன்னால் உயர்ந்து பின்னால் சரிந்து போகும். வெடித்ததும் துப்பாக்கி நேராகப் பின்னுக்கு வருகிறது இல்லையா, அப்போது முன்னால் இருந்த உயரமான பகுதி உங்கள் கன்னத்துக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது. அதனால்தான் சரிவில்லாத, குழலுக்கு இணையாக ஓடும் கோம்ப் நமக்கு நல்லது. அது கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகும், முட்டாது. நீளக் கழுத்துக்காரர்களுக்கு ‘மான்டி கார்லோ’ என்றொரு கட்டை உண்டு. கன்னம் பதிகிற இடம் உயர்ந்திருக்கும், பின்னால் படி இறங்கின மாதிரி தாழ்ந்து தோளில் உட்காரும். முகம் மேலே, தோள் கீழே, இரண்டுக்கும் சண்டை இல்லை.

மேல்கை கன்றுவது நீளத்தின் வேலை. கட்டை நீளமாக இருப்பதால் தோள் குழிக்குள் வராமல் வெளியே நழுவி, புஜத்தில் போய் உட்காருகிறது. அந்த மட்டில் உங்கள் கணவருக்கு மதிப்பெண் கொடுக்கலாம். ஒருவேளை மார்புக்கு மேலே, காரை எலும்புக்குக் கீழே கன்ற ஆரம்பித்தால் கட்டையின் கீழ்முனை குத்துகிறது என்று அர்த்தம். நடுவிரல் முட்டி கன்றினால் பிடியோ நீளமோ உங்கள் கைக்குப் பொருந்தவில்லை. ஞாயிறு சாயங்காலம் கண்ணாடி முன் நின்று எங்கெங்கே நீலம் என்று பார்த்துக் குறித்துவைத்தால் பாதி அளவு அங்கேயே கிடைத்துவிடும்.

இனி ரேஞ்சில் செய்ய வேண்டியது. துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழலும் காலி என்று நீங்கள் பாருங்கள், அப்புறம் பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பான திசையில் ஒரு கம்பத்தைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, வழக்கம்போல் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். கழுத்தை வளைக்காமல், கன்னம் பதிந்த இடத்தில் விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். இரும்பின் பின்பக்கம் மட்டும் தெரிந்தால் கோம்ப் தாழ்வு. குழல் மேலே நீளமான ரோடு மாதிரி தெரிந்தால் அதிக உயரம். குழலின் நடுவில் ஒரு சின்ன மணி, முனையில் ஒரு பெரிய மணி இருந்தால், ட்ராப்புக்கு இரண்டும் 8 என்ற எண் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் போதும். பத்துத் தடவை செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வோம்.

அந்த நேரத்தில் யாரையாவது பக்கவாட்டில் நின்று போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தோளில் பதிகிற கட்டையின் அடித்தட்டில் பாதி தோளுக்கு மேலே வெளியில் நிற்கிறதா? என்னிடம் முதன்முதலில் வருகிற பெண்களின் போட்டோவில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். முகத்துக்கு எட்டவில்லை என்று துப்பாக்கியை மேலே தூக்கிவிடுகிறார்கள். கீழ்முனை மட்டும் உடம்பில் குத்தி நிற்கும். மொத்த உதையும் அந்த ஒரு முனையில்.

அடுத்தது காகிதப் பரிசோதனை. நாலடிக்கு நாலடி காகிதத்தை அட்டையில் ஒட்டி, நடுவில் ஒரு கறுப்பு வட்டம் போட்டு, 16 கஜம், அதாவது பதினாலரை மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். மணியைப் பார்க்காமல், வட்டத்தைப் பார்த்துச் சட்டென்று ஏற்றிச் சுடுங்கள். அதே காகிதத்தில் அஞ்சாறு வெடி. தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளின் ஓட்டைகள் அடர்த்தியாகக் கூடுகிற இடம் வட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளந்துகொள்ளுங்கள். 16 கஜம் என்பதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்கும் முன்மணிக்கும் நடுவே சுமார் ஒரு கஜம். ஆகவே காகிதத்தில் ஒரு இன்ச் விலகினால் கட்டையில் அதில் பதினாறில் ஒரு பங்கு, ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம், மாற்றினால் போதும். நாலு இன்ச் கீழே அடித்தால் கோம்பை ஆறு மில்லிமீட்டர் ஏற்றுங்கள். ட்ராப்பில் தட்டு மேலேறிக்கொண்டே போவதால், நடு வட்டத்துக்குக் கொஞ்சம் மேலே அடிப்பதுதான் பலருக்குப் பிடிக்கும்.

உங்கள் காகிதத்தில் ஒரு வெடி மேலே, ஒரு வெடி கீழே என்று சிதறும் என்று நினைக்கிறேன். முகம் காற்றில் இருந்தால் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் பின் சைட் வேறு உயரத்தில் நிற்கிறது. அப்படி வந்தால் கணக்கை விடுங்கள். கிளப்பில் அனுமதி கேட்டு, இரண்டு மில்லிமீட்டர் ஃபோம் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கோம்பில் வைத்து எலக்ட்ரிக்கல் டேப் சுற்றுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் கண்மூடி-கண்திறந்து பாருங்கள், மணிகள் இரண்டும் 8 மாதிரி ஒழுங்காகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். திரும்பக் காகிதத்துக்குப் போங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது டெய்லர் டேப்பை விட ‘அளவு ஜாக்கெட் இருக்கா’ என்றுதானே கேட்கிறார்? டேப் சுற்றிய இந்தக் கிளப் துப்பாக்கிதான் உங்கள் அளவு ஜாக்கெட். அது சரியாக உட்கார்ந்த பிறகு அளந்து எழுதிவைத்துக்கொண்டால், பின்னால் எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் அந்த எண்கள் கை கொடுக்கும்.

கோம்ப் ஒழுங்கான பிறகுதான் நீளம். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விரல் ட்ரிகரை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அதை நம்ப வேண்டாம். அது முன்கையின் நீளத்தை மட்டும் சொல்லும், உங்கள் கழுத்தையோ தோளையோ அதற்குத் தெரியாது. துப்பாக்கியை ஏற்றி நிற்கும்போது மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் உயரத்துக்குப் பெரும்பாலும் 13-க்கும் 14 இன்ச்சுக்கும் நடுவில் எங்கேயோ முடியும். நம் ஊரில் வருடம் முழுக்க மெல்லிய டி-ஷர்ட்டுக்கு மேல் வெஸ்ட் போட்டுத்தான் சுடுகிறோம். டிசம்பரில் டில்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்குப் போட்டிக்குப் போனீர்கள் என்றால் உள்ளே ஸ்வெட்டர் ஏறும், சென்னையில் கச்சிதமாக இருந்த கட்டை அங்கே நீளமாகிவிடும். இதற்காகவே நான் வெட்டுவதை விட்டுவிட்டு, கழற்றி மாட்டுகிற ஸ்பேசர் போடுகிறேன். என்றைக்காவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டின துண்டைப் பத்திரமாக வாங்கி வையுங்கள். விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.

கட்டையின் அடித்தட்டு பற்றிக் கடைகளில் யாரும் வாய் திறப்பதில்லை, நம்மிடம் சொல்லக் கூச்சமோ என்னவோ. மார்பு இருக்கிறவர்களுக்குக் கீழ்முனை கொஞ்சம் உள்வாங்கியும், கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியும் இருக்க வேண்டும். துப்பாக்கி தோளில் இருக்கும்போது தட்டின் மேல்முனைக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைச் செருக முடிந்தால், எல்லாப் பாரமும் கீழ்முனையில் என்று அர்த்தம். சாய்வை மாற்றி, முனையை உருட்டித் தேய்த்துவிட்டால் தட்டு முழுசாகப் பதியும். அப்புறம், உள்ளாடைப் பட்டையின் கொக்கி சரியாகக் கட்டைக்கு அடியில் மாட்டும். நூறு வெடிக்குப் பிறகு அது தோலில் அச்சாகப் பதிந்துவிடும். பட்டை முதுகு நடுவில் சேர்கிற ஸ்போர்ட்ஸ் வகை போட்டுக்கொள்ளுங்கள். தாலிச் சங்கிலியை இடது பக்கம் தள்ளி உள்ளே பின் குத்திவிடுங்கள். ஜிமிக்கி வேண்டாம். காதுக்கு மஃப் போட்டால் அதன் கிண்ணம் கட்டையில் இடித்து முகத்தை விலக்கும், பிளக் நல்லது.

கண்ணையும் சோதித்துவிடுங்கள், அரை நிமிட வேலை. இரண்டு கண்ணும் திறந்தபடி, கையை நீட்டி, கட்டைவிரலால் தூரத்துக் கொடியை மறையுங்கள். இடது கண்ணை மூடுங்கள். விரல் கொடியிலேயே இருந்தால் வலது கண் முன்நிற்கிறது. துள்ளி நகர்ந்தால் இடது. வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் முன்நின்றால் எவ்வளவு கட்டை மாற்றினாலும் குறி பக்கத்தில்தான் போகும். இடது கண்ணாடியில் சின்ன டேப் ஒட்டிச் சுட்டுப் பாருங்கள்.

தாத்தா துப்பாக்கிக்கு வருகிறேன். மாமா அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் எடை குறைந்தால் உதை கூடும். 3.5 கிலோ துப்பாக்கியில் வெடிக்கிற அதே தோட்டா 2.8 கிலோ துப்பாக்கியில் கால் பங்கு அதிகமாக உதைக்கும். பெண்களுக்கு லேசான துப்பாக்கி என்று வாங்கிக் கொடுத்து, அவர்கள் ஒரே மாதத்தில் ரேஞ்சுக்கு வருவதை நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். தூக்கச் சிரமம் என்றால் தோளுக்கும் கைக்கும் தினம் பத்து நிமிடம் பயிற்சி கொடுங்கள், எடையைக் குறைக்காதீர்கள். போதாக்குறைக்கு, பழைய பக்கத்துப்பக்கக் குழல் துப்பாக்கிகளில் கோம்ப் இன்னும் தாழ்வு. அவற்றில் சிலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்தது. இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். ஒரு துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சொல்லாமல் அதில் தோட்டா போடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அது யார் பெயர் உரிமத்தில் இருக்கிறதோ அவருடையது, வீட்டுக்குள் கை மாறுகிற சைக்கிள் கிடையாது. உங்கள் பெயருக்கு வர வேண்டுமானால் சென்னையில் காவல் ஆணையர் அலுவலகத்தில் உரிமம் வாங்கியாக வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமத்தில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பொருந்தாத ஒன்றுக்கு அதில் ஓர் இடத்தைக் கொடுப்பானேன்?

‘லேடீஸ் துப்பாக்கி’ வெறும் பிங்க் பெயின்ட் சமாசாரம் இல்லை. இத்தாலியிலிருந்து வரும் சைரன், பெரெட்டாவின் விட்டோரியா போன்றவற்றில் கோம்பை உயர்த்தி, நீளத்தைக் குறைத்து, பிடியை மெலிதாக்கி, அடித்தட்டைச் சாய்த்து நிஜமாகவே வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் ஒரு சராசரிப் பெண்ணுக்குச் செய்ததுதானே, கொளத்தூரில் இருக்கும் உங்களுக்கென்று செய்ததில்லை. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நம் நாட்டில் எல்லாருக்கும் திறந்த கதவும் இல்லை, போட்டிகளில் தகுதி மதிப்பெண் எடுத்த பிறகு அந்த வழியைப் பற்றிப் பேசலாம். அதற்குள் ரேஞ்சில் யாராவது சீனியர் துப்பாக்கியை விற்பார்கள். பெயர் எதுவானாலும் சரி, கோம்பைத் திருகி ஏற்றி இறக்க முடிகிறதா, அடித்தட்டை மேலே கீழே நகர்த்தித் திருப்ப முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் இருந்தால் ஆணுக்குச் செய்த துப்பாக்கியையும் உங்களுடையதாக்கிக்கொள்ளலாம். குழலைக் குட்டையாக வாங்காதீர்கள், 30 இன்ச் உங்களுக்குப் பெரிதல்ல. வாங்கின பிறகு திருகுகளுக்கு எண்ணெய் போட மறக்க வேண்டாம், நம் ஊர் உப்புக் காற்றில் இரண்டே மழைக்காலத்தில் இறுகிவிடும்.

கட்டை வேலையை, எவ்வளவு தெரிந்தவரானாலும், வீட்டுக்கு வரும் ஆசாரியிடம் கொடுக்காதீர்கள். துப்பாக்கி பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடம் நீங்களே நேரில் போய், பக்கத்தில் நின்று செய்துகொள்ளுங்கள்.

போட்டிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த ஞாயிறு காகிதமும் ஃபோமும். அடுத்த இரண்டு ஞாயிறும் அதே டேப்போடு தட்டு சுடுங்கள். கடைசி வாரம் எதையும் தொடாதீர்கள், ஒரு அடுக்கு கூட்டினால் இன்னும் நன்றாக வரும் என்று கை அரிக்கும், வேண்டாம். டேப் சுற்றிய துப்பாக்கியைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். என்னையும் பார்த்துச் சிரித்தார்கள், அவர்களில் இரண்டு பேர் சாயங்காலம் வந்து ஃபோம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள்.

காகிதத்தின் போட்டோவையும் பக்கவாட்டுப் போட்டோவையும் எனக்கு அனுப்புங்கள். உங்களுக்கு நாலு அடுக்கு வரும் என்பது என் கணிப்பு. தப்பாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.